புள்ளி எங்கே, கமா எங்கே? பணம் அனுப்பும் முன் கவனிப்போம்

வளைகுடாவில் ஒரு பிள்ளை, சிங்கப்பூரில் ஒரு மருமகன், ஊரில் பெற்றோர். நம் சமுதாயத்தில் பல குடும்பங்கள் இப்படித்தான். பணம் அனுப்புவதும் கடன் கணக்குப் பார்ப்பதும் இப்போது செல்போனிலேயே முடிந்துவிடுகின்றன. ஆனால், எல்லா நாட்டினரும் எண்களை ஒரே மாதிரி எழுதுவதில்லை.

குவைத்திலிருந்து வரும் ரசீதில் 12.500 தினார் என்றிருந்தால், அது பன்னிரண்டரை தினார். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு அல்ல. சவூதி ரியாலுக்கு 100 ஹலாலா, அமீரக திர்ஹமுக்கு 100 ஃபில்ஸ். ஆனால் குவைத், பஹ்ரைன் தினாருக்கு 1000 ஃபில்ஸ். ஓமன் ரியாலுக்கு 1000 பைசா. எனவேதான் அங்கு புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள்.

அதே 12.500 இந்தோனேசிய இணையதளத்தில் இருந்தால் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபியா! அங்கும் ஜெர்மனியிலும் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும், தசமத்துக்குக் கமாவும் போடுவார்கள்.

நாம் ஒரு லட்சத்தை 1,00,000 என்று எழுதுகிறோம். சிங்கப்பூரில் 100,000 என்பார்கள். தொகை ஒன்றுதான், கமாவின் இடம்தான் வேறு. அரபி எண்களிலோ ஐந்து நம் பூஜ்யம் போல வட்டமாக இருக்கும். பூஜ்யம் வெறும் புள்ளி. ஆறு நம் ஏழைப் போலத் தெரியும்.

நாணயப் பெயரும் ஏமாற்றும். சவூதி, கத்தார், ஓமன் மூன்றிலும் ரியால்தான். ஆனால் ஓர் ஓமன் ரியால் ஏறத்தாழ பத்து சவூதி ரியாலுக்குச் சமம். 'ரூபாய்' என்றால் இந்தியாவா, இலங்கையா? டாலர் என்றால் அமெரிக்காவா, சிங்கப்பூரா? சில இணையதளங்கள் நம் செல்போனில் உள்ள மொழி, நாட்டு அமைப்பைப் பார்த்து எண்ணைக் காட்டுகின்றன. அனுப்புபவருக்குத் தெரிவதுபோலவே பெறுபவருக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது.

என்ன செய்யலாம்? தொகையோடு நாட்டின் பெயரையும் சேர்த்து, 'ஓமன் ரியால்' என்று முழுதாக எழுதுவோம். எண்ணை எழுத்தாலும் எழுதுவோம். 'அனுப்பு' என்பதை அழுத்தும் முன், ஊரில் எத்தனை ரூபாய் கிடைக்கும் என்று திரையில் வரும் தொகையை ஒருமுறை சரிபார்ப்போம்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். எழுதுவது மட்டும் போதாது. இரு தரப்பாரும் ஒரே தொகையாகப் படிக்கும்படி எழுத வேண்டும். ஒரு புள்ளியால் உறவுகளுக்குள் மனக்கசப்பு வராமல் காத்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.