விளக்கும் எண்ணெயும்



நான் ஆசிரியப் பணி புரிந்த ஊர்களுள் ஒன்று மலையடிவாரத்தில் அமைந்திருந்தது. மலைமீதிருந்த குடியிருப்புகளினின்றும் இறங்கி வந்து எங்கள் பள்ளியிற் பயின்ற பிள்ளைகள் பலர். அவர்கள் வீடுகளில் மின்விளக்கு இல்லை. ஒரு நாள் பெரிய நிறுவனம் ஒன்றைச் சேர்ந்தோர் வந்து, அப்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வெயிலில் வைத்து மின்னேற்றிக்கொள்ளும் கைவிளக்கு ஒன்றை வழங்கினர். பந்தலிட்டு விழா நடந்தது, நிழற்படம் எடுத்தனர், தலைமையாசிரியன் என்ற முறையில் நான் நன்றியுரை நிகழ்த்தினேன். முதலாண்டில் வீட்டுப்பாடம் ஒழுங்காக எழுதப்பட்டு வந்தது. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அவ்விளக்குகளுள் ஒன்றேனும் எரியவில்லை. உள்ளிருந்த சிறு பேட்டரி தன் ஆயுளை முடித்துக்கொண்டது. அதனை எங்கே மாற்றுவது, என்ன விலையாகும், அதை யார் கொடுப்பது என்று வழங்கியவரும் சொல்லவில்லை. வாங்கிக்கொண்ட நானும் கேட்கவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்னும் பழமொழியை நம்பியிருந்துவிட்டேன். அன்று நான் கேட்கத் தவறிய கேள்வியே இன்றைய பேச்சின் பொருள்.

தொழில் நிறுவனங்களின் பொருளுதவியால் தொலைவிலுள்ள சிற்றூர்கள் சூரிய ஒளி மின்சாரம் பெறும் முயற்சி நம் நாட்டில் பல இடங்களில் நடைபெற்று வருகிறது. அம்முயற்சி எப்போது நிலைத்து நிற்கிறது, எப்போது சரிந்து விழுகிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில், இத்தகைய ஊர்கள் ஏன் இருளில் தங்கிவிட்டன என்பதை நோக்குவோம். 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் மணிப்பூரிலுள்ள லெய்சாங் என்னும் ஊருக்கு மின்சாரம் சென்றதோடு, இந்தியாவில் மக்கள் வாழும் கிராமங்கள் அனைத்தும் மின்வசதி பெற்றுவிட்டன என்று மத்திய அரசு அறிவித்தது. அது பெருஞ்சாதனையே. ஆயினும் அந்தக் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. ஊரில் மின்கம்பியும் மின்மாற்றியும் அமைந்து, பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கு மின்சாரம் கிடைத்து, வீடுகளில் நூற்றுக்குப் பத்து இணைப்புப் பெற்றாலே அது மின்வசதி பெற்ற கிராமமாகக் கொள்ளப்பட்டது. எஞ்சிய வீடுகளுக்கு இணைப்புத் தருவதற்கென்றே 2017-ஆம் ஆண்டில் சௌபாக்கியா என்னும் தனித்திட்டம் தொடங்க வேண்டியதாயிற்று. அதிலும், தாய்க்கிராமத்தினின்று விலகி மலையிலும் காட்டிலும் கிடக்கும் குக்கிராமங்களுக்குக் கம்பி இழுப்பது எளிதன்று. முப்பது நாற்பது வீடுகளுக்காகப் பல கல் தொலைவு கம்பம் நடவேண்டும். அவ்வீடுகள் செலவிடும் மின்சாரமோ மிகச் சிறிது. புயலில் ஒரு மரம் கம்பிமேல் விழுந்தால், அதனைச் சீர்ப்படுத்த ஆள் வந்து சேரவே பல நாள் ஆகும். ஆகவே, மின்சாரத்தை ஊருக்குக் கொண்டு செல்வதைவிட ஊரிலேயே உண்டாக்குவது மேல் என்ற கருத்துப் பிறந்தது.

அதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மகாராட்டிர மாநிலத்துப் புனே மாவட்டத்தில் தரேவாடி என்னும் மலைக் குக்கிராமம் ஒன்று உள்ளது. 2012-ஆம் ஆண்டில், ஜெர்மனியைச் சேர்ந்த பாஷ் நிறுவனத்தின் சூரிய மின்பிரிவு அளித்த உதவியைக் கொண்டு, புனேயில் இயங்கும் கிராம் ஊர்ஜா என்னும் அமைப்பு அங்கே 9.4 கிலோவாட் திறனுள்ள சிறு மின்நிலையம் ஒன்றை நிறுவியது. அதனால் பயன்பெற்ற வீடுகள் 39.

அதன் செயல்முறை மிக எளிது. தகடுகளின்மேல் விழும் சூரிய ஒளி நேர்திசை மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அம்மின்சாரம் பேட்டரிகளில் சேமிக்கப்படுகிறது. இன்வெர்ட்டர் என்னும் கருவி அதனை நம் வீடுகளில் வழங்கும் மாறுதிசை மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. அதன்பின் கம்பிகள் வழியே வீடுதோறும் செல்கிறது. ஒரு பெரிய மின்வாரியம் செய்யும் வேலை அனைத்தையும் ஓர் ஊரின் எல்லைக்குள்ளே சிறு அளவிற் செய்வதால், இதனை நுண் மின்கட்டமைப்பு என்பர்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். இழப்புகளைக் கழித்து, ஒரு நாளில் நான்கு மணி நேர முழு வெயிலின் பயன் கிடைப்பதாகக் கொள்வோம். 9.4-ஐ நான்கால் பெருக்கினால் 37.6 யூனிட் ஆகும். இதனை 39 வீடுகளுக்குப் பங்கிட்டால், வீடொன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவாகவே வரும். பத்து வாட் விளக்கொன்று நூறு மணி நேரம் எரிய ஒரு யூனிட் போதும். அதே ஒரு யூனிட்டை ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டி ஒரே மணியில் தீர்த்துவிடும். ஆகவே, ஒரு வீட்டார் அளவு மீறினால் மற்றைய வீடுகள் இருளும். சூரியன் யாவர்க்கும் பொதுதான். ஆனால் பேட்டரியில் உள்ளது அளந்து வைத்த பொருள். ஒரே கிணற்றில் நீர் எடுக்கும் ஊரார் முறை வைத்துக்கொள்வது போல இங்கும் முறை வேண்டும். அளவியும் கட்டணமும் வேண்டும்.

கட்டணம் எதற்கு, சூரிய ஒளி இலவசம் அன்றோ என்று நீங்கள் வினவலாம். ஒளி இலவசம், கருவி அவ்வாறன்று. தகடு இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். இத்தகைய நிலையங்களில் வழங்கிவந்த ஈய-அமிலப் பேட்டரியோ நன்கு பேணினாலும் ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் மாற்ற வேண்டியதாகும். தகட்டின் மேலுள்ள தூசியைத் துடைக்கவும், தளர்ந்த இணைப்பை முடுக்கவும் ஒருவர் வேண்டும். தகடு விளக்கானால் பராமரிப்பே அதற்கு எண்ணெய். விளக்கைப் பிறர் தரலாம்; எண்ணெயை அவ்வீட்டார்தாம் நாள்தோறும் வார்க்க வேண்டும்.

இவ்வுண்மை மறக்கப்பட்டால் என்னாகும் என்பதற்குப் பீகார் மாநிலத்துத் தர்னை என்னும் ஊர் சான்று. மின்சாரமின்றி முப்பது ஆண்டுகள் கழித்த அவ்வூரில் 2014-ஆம் ஆண்டு கிரீன்பீஸ் என்னும் சுற்றுச்சூழல் அமைப்பு, பிற அமைப்புகளோடு சேர்ந்து, 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் ஒன்றை அமைத்தது. நாடெங்கும் அது புகழப்பட்டது. ஆயினும் ஊரார் சிலர், "எங்களுக்கு உண்மையான மின்சாரம் வேண்டும்" என்று குரல் எழுப்பினர். அவர்களைக் குறை கூறுதல் தகாது. விளக்கோடு நில்லாமல் தொலைக்காட்சிப் பெட்டியும் குளிர்பதனப் பெட்டியும் வேண்டுமென்று நகரத்தார் விரும்பலாம், சிற்றூரார் விரும்பலாகாதா? விரைவிலேயே அரசின் மின்கம்பி ஊருக்கு வந்தது. அதன் கட்டணமும் குறைவு. சூரிய மின்சாரத்தை நாடுவோர் குறைந்தனர், வசூல் குறைந்தது, பேட்டரிகள் ஓய்ந்தன, சில ஆண்டுகளில் நிலையமே செயலற்றுப் போயிற்று. கம்பி வரும் நாளில் சூரிய நிலையத்தை அதனோடு எவ்வாறு இணைப்பது என்பதை முன்கூட்டியே எண்ணியிருந்தால் அம்முதலீடு வீணாகியிராது.

இனித் தரேவாடிக்குத் திரும்புவோம். அங்கே ஊர் மக்களே ஓர் அறக்கட்டளையை அமைத்துக்கொண்டனர். வீடுதோறும் அளவி பொருத்தப்பட்டது. பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம் தண்டி, பின்னாளில் பேட்டரி மாற்றுவதற்கென்று சேர்த்து வைக்கும் முறையை வகுத்தனர். இதன் அருமையைப் பின்வரும் செய்தி விளக்கும். நிலையம் தொடங்கிய மறு ஆண்டே, அதாவது 2013 மார்ச்சுத் திங்களில், பாஷ் நிறுவனம் நட்டம் மிகுந்த தன் சூரியத் தகட்டுத் தொழிலை விட்டு விலகப்போவதாக அறிவித்தது. வாணிக உலகில் இஃது இயல்பே. ஒரு நிறுவனம் இன்று ஒரு தொழிலில் இருக்கும், நாளை இராது. கொடையாளரின் கையையே எதிர்பார்த்திருக்கும் ஊர் அத்தகைய நாளில் தவித்துப்போகும். தன் கணக்கைத் தானே வைத்திருக்கும் ஊருக்கு அத்தவிப்பு இல்லை. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது இதுதான். வடத்தை வெளியூரார் வாங்கித் தரலாம். இழுக்கும் கை உள்ளூர்க் கையாக இருக்கவேண்டும்.

நிறுவனங்களின் இவ்வுதவி வெறும் மனவிருப்பத்தைப் பொறுத்ததாக மட்டும் இப்போது இல்லை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சட்டம் குறிப்பிடும் அளவுக்கு நிகர மதிப்போ, விற்றுமுதலோ, இலாபமோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு நிகர இலாபத்தின் சராசரியில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமுதாய நலப்பணிகளுக்குச் செலவிடவேண்டும் என்பது அதன் விதி. 2021 சனவரியில் திருத்தப்பட்ட விதிகளின்படி, அவ்வாறு உருவாகும் நிலையான சொத்தை அந்நிறுவனமே தன்னிடம் வைத்துக்கொள்ளல் ஆகாது. பதிவு பெற்ற அற அமைப்போ, பயனடைவோரின் குழுவோ, பொது அதிகார அமைப்போ அதற்கு உரிமை பூணவேண்டும். தரேவாடி மக்கள் முன்னரே கண்டுகொண்ட நெறியைச் சட்டம் பின்னர் வந்து சேர்ந்தது எனலாம். ஆயின், உரிமைப் பத்திரம் ஊராரிடம் இருந்தால் மட்டும் போதாது. பழுது பார்க்கும் அறிவும் சேமிப்புப் பணமும் அவர்களிடம் இருத்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலர் நாளை பொறியாளராகி இத்தகைய நிலையங்களை அமைப்பீர்கள். சிலர் நிறுவனங்களில் அமர்ந்து இந்நிதியை ஒதுக்குவீர்கள். சிலர் உங்கள் ஊரின் சார்பில் அக்கொடையைப் பெற்றுக்கொள்வீர்கள். எந்த நிலையில் இருந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது பழுதானால் சீர்ப்படுத்தத் தெரிந்தவர் இவ்வூரில் யார்? பேட்டரி மாற்றும் நாளுக்குரிய பணம் எங்கே சேர்கிறது? நாளை மின்கம்பி வந்தால் இந்நிலையம் என்னாகும்? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னர்ப் பந்தலிடுங்கள், நன்றியுரையும் நிகழ்த்துங்கள். நான் அவற்றைக் கேட்டிருந்தால், அம்மலைப் பிள்ளைகள் மூன்றாம் ஆண்டிலும் விளக்கு வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதியிருப்பார்கள்.