கெட்ட மனுஷன் இல்லை... பிரேக் பிடிக்காத வண்டி!

ஆரணிப் பட்டு என்று ஆசையாக வாங்கிக் கட்டுகிறீர்களே, அந்தச் சேலை நெய்கிற ஊர்களில் எங்கள் கண்ணமங்கலமும் ஒன்று. என் வீட்டுக்காரரும் தறிக்காரர்தான். ஜரிகை பார்டரில் ஒரு இழை தப்பாமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்து நெய்வார். அவ்வளவு பொறுமைசாலி. ஆனால், சேலை அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்குகிற அன்று மட்டும் வேறு ஆள். "நேரா வீட்டுக்குத்தான் வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். ராத்திரி பத்து மணிக்கு யாராவது கைத்தாங்கலாகக் கொண்டு வந்து விடுவார்கள்.

மறுநாள் பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வார். அடுத்த சேலை அறுக்கிற வரைதான் அந்தச் சத்தியத்துக்கு ஆயுசு. "தறியில எட்டு மணி நேரம் உட்கார முடியுது. கடையைத் தாண்டி வரப் பத்து நிமிஷம் பொறுமை இல்லையா? எங்க மேல பாசமே இல்ல" என்று அழுதிருக்கிறேன். அத்தை, "யாரோ வச்ச செய்வினை" என்று மந்திரிக்கப் போனார்கள். அதிலும் காசு போனதுதான் மிச்சம்.

கூலி நாள் குடி மெல்ல தினக்குடி ஆனது. ஒரு நாள் ரோஷம் வந்து, "இனிமே தொடமாட்டேன்" என்று சட்டென்று நிறுத்தினார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் கை நடுக்கத்தில் நாடாவைப் பிடிக்க முடியவில்லை. இரண்டாம் நாள் வலிப்பு! அலறி அடித்துக்கொண்டு வேலூருக்கு ஓடினோம்.

அங்கே ஒரு டாக்டரம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லத் தோன்றியது.

நம் மூளையில் டோபமைன் என்று ஒரு ரசாயனம் உண்டு. 'இது நல்லாயிருக்கு, திரும்பச் செய்' என்று மனசில் குறித்து வைப்பது அதன் வேலை. பசிக்குச் சாப்பிட்டாலும் சுரக்கும். குடித்தால் அளவுக்கு மீறிச் சுரக்கும். நாளாக நாளாக, கூலிக் காசு கையில் பட்டாலே, கடையைப் பார்த்தாலே மூளை ஏங்க ஆரம்பித்துவிடுமாம்.

'வேண்டாம், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்' என்று தடுக்கிற பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அதுதான் பிரேக். சிலருக்கு அது இயல்பிலேயே கொஞ்சம் தளர்ச்சி. நினைத்ததை உடனே செய்யணும், யோசனை எல்லாம் அப்புறம்தான். இப்படிப்பட்டவர்கள் குடியில் சுலபமாகச் சிக்குகிறார்கள். குடிக்கக் குடிக்க இருக்கிற பிரேக்கும் தேய்கிறது.

"அப்போ தறியில எப்படிப் பொறுமையா இருக்காரு?" என்று கேட்டேன். "சமதரையில எந்த வண்டியும் நிக்கும்மா. சரிவுலதான் பிரேக் தெரியும்" என்றார்.

சட்டென்று நிறுத்தினால் வலிப்பு ஏன் வருகிறது? மூளையை அடக்குகிற ரசாயனம் காபா, கிளப்பிவிடுகிறது குளூட்டமேட். தினமும் குடித்தால் மூளை அதற்கு ஈடுகட்டப் பழகி, கிளப்பிவிடுகிற பக்கத்தை ஏற்றி வைத்துக்கொள்கிறது. குடி நின்றதும் அடக்க ஆள் இல்லை. நடுக்கம், வலிப்பு, இல்லாததைப் பார்த்துப் பிதற்றுவது எல்லாம் அதனால்தான். உயிருக்கே ஆபத்து. எனவே சகோதரிகளே, தினமும் குடிப்பவரை அறையில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். டாக்டர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

இன்னொன்று. குடியை வெறுக்க வைக்கும் மாத்திரை என்று சொல்லி, சாம்பாரில் ரகசியமாகக் கலந்து கொடுப்பவர்கள் உண்டு. தெரியாமல் அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம். அவருக்குத் தெரிந்து, டாக்டர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

பிரேக் சரியாகும் வரை நாங்கள் சரிவைக் குறைத்தோம். கூலி வாங்க நானும் கூடப் போகிறேன். கடை இல்லாத தெரு வழியாகத் திரும்புகிறோம். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கும் போகிறார். நடுவில் ஒரு தரம் தடுக்கி விழுந்தார். சண்டை போடாமல் மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். இப்போது பதினான்கு மாதம் ஆகிறது.

நோய் என்பதால் எல்லாவற்றையும் பொறுத்துப்போ என்று சொல்லவில்லை. அடிக்க வந்தால் பிள்ளைகளோடு விலகி நிற்பதுதான் சரி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாந்தி ரங்கநாதன் அம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரிய இடத்து மருமகள். 1979ல் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர், 1980ல் சென்னையில் குடிநோயாளிகளுக்காக டி.டி.கே. சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். 1992ல் பத்மஸ்ரீ பெற்றார். பணக்காரர் வீடு, ஏழை வீடு என்று இந்த நோய் பார்ப்பதில்லை.

எனக்கு இப்போது கவலை எல்லாம் பதினைந்து வயசு மகனைப் பற்றித்தான். மாமனாரும் குடித்தவர். இந்த நோயில் ஏறக்குறையப் பாதி பங்கு பரம்பரையாம். அந்த பிரேக் முழுசாக வளர இருபத்தைந்து வயசாகுமாம். இவனும் அப்பா மாதிரி அவசரக்காரன். அதனால் எதையும் மறைக்காமல் அவனை உட்கார வைத்துச் சொன்னேன். "மத்த பசங்களுக்கு வெளையாட்டா இருக்கிற முதல் கிளாஸ், உனக்கு வெளையாட்டு இல்லடா" என்று.

தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அப்பாவும் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

யாரிடம் கேட்பது என்று தவிக்கும் சகோதரிகள் 14416 என்ற இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கண்ணமங்கலம்.