கரையோர நெடுஞ்சாலையும் நடப்போர் பாதுகாப்பும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய வழியாக மட்டக்களப்பை அடையும் ஏ4 நெடுஞ்சாலை, அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை ஆகிய ஊர்களை ஊடறுத்துச் செல்கின்றது. கிழக்கே கடலும் மேற்கே வயலும் நெருக்க, இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்திலே மக்கள் செறிந்து வாழ்கின்றனர். ஆதலின் நெடுஞ்சாலையே கடைத்தெருவும் ஆயிற்று. குர்ஆன் மதரசாவுக்கு நடக்கும் சிறுவரும், துவிச்சக்கரவண்டியில் வயலுக்கேகும் உழவரும், நெடுந்தூரப் பஸ் வண்டிகளோடு ஒரே வழியிற் செல்லவேண்டியவராயினர்.

மேடுபள்ளமற்ற இந்நிலம் துவிச்சக்கரவண்டிக்கென்றே அமைந்தது எனலாம். கேடு வேகத்தினால் விளைவது. வேகம் இரட்டித்தால், பிறேக் அழுத்திய பின்னும் வண்டி ஓடும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். "கவனமாகச் செல்க" எனச் சிறுவர்க்கு உபதேசித்தல் நன்றே. ஆயினும் அவ்வுபதேசம் இக்கணக்கை மாற்றாது. வீதியின் அமைப்பே வேகத்தைக் குறைத்தல் வேண்டும்.

இன்று துவிச்சக்கரவண்டிக்குப் பேர்பெற்ற ஒல்லாந்தில் 1971இல் வீதி விபத்துக்களில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் நானூற்றுக்கு மேற்பட்டோர் சிறுவர். "சிறுவர் கொலையை நிறுத்துக" என முழங்கிப் பெற்றோர் வீதிகளை மறித்தனர். வாகனங்கள் நடைவேகத்திற் செல்லவேண்டிய குடியிருப்பு வீதி 1976இல் அங்கே சட்டத்தில் இடம்பெற்றது. கேளாமற் கிடைத்ததன்று அது.

கல்முனையிற் கேட்போர் இரு வாயில்களைத் தட்டவேண்டும். ஒழுங்கைகள் மாநகர சபையின் பொறுப்பு. நெடுஞ்சாலையோ வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. பாடசாலை வாயிலில் உயர்த்திய மஞ்சட் கடவை வேண்டுமாயின் பின்னதற்கே விண்ணப்பித்தல் தகும். நடைபாதையிலே சரக்கு அடுக்கும் வணிகரையும் அவ்விண்ணப்பத்திற் கையொப்பமிடச் செய்தல் நன்று. அவர்தம் பிள்ளைகளும் அவ்வழியே நடப்பவர்.