காபித்தூளுக்கு ஒரு தேதி, ரவிக்கைக்கு ஒரு தேதி

ஆன்லைன் கடைக்காரர்கள் பார்சல் கெடுவைக் கணக்கிடும் முறை

மாட்டுங்கா ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கி மார்க்கெட்டை நோக்கி நடந்தால், நமது ஊர்க் கடைத்தெருவுக்குள் நுழைந்தது போல இருக்கும். ஒரு பக்கம் மல்லிகைப் பூ. மறு பக்கம் காபிக் கொட்டை வறுபடும் வாசனை. வாழை இலை, குத்துவிளக்கு, கற்பூரம், பஞ்சாங்கம், பட்டுப் பாவாடை என்று அடுத்தடுத்து வரும்.

இந்த வகைச் சரக்குகள் இப்போது செல்போன் மூலமும் விற்பனையாகின்றன. தாராவியில் வீட்டில் முறுக்கு சுடும் பெண்கள், செம்பூரில் ரவிக்கை தைப்பவர்கள் போன்ற சிறு வியாபாரிகளும் சொந்தமாக ஆன்லைன் கடை திறக்கலாம். கடை திறப்பது சுலபம். “சரக்கு என்றைக்கு வந்து சேரும்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

புதிதாகக் கடை திறப்பவர்கள் செய்வது என்ன? எல்லாச் சரக்குக்கும் சேர்த்து “5 நாளில் கிடைக்கும்” என்று ஒரே வரியைப் போட்டு விடுகிறார்கள். அங்கேதான் வம்பு ஆரம்பமாகிறது.

சரக்குக்குத் தக்க கெடு

காபித்தூள் அரைக்க அரை மணி நேரம் போதும். காலையில் ஆர்டர் வந்தால் பகலிலேயே பார்சல் போய்விடும். புத்தகமும் பஞ்சாங்கமும் அலமாரியில் தயாராக இருப்பவை.

முறுக்கு அப்படி அல்ல. மாவு பிசைந்து, சுட்டு, ஆறவைத்து, உடையாமல் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் நமத்துப் போகும். ரவிக்கை என்றால் அளவு வாங்கித் தைப்பதற்கே ஒரு வாரம் ஆகலாம். கொலு பொம்மைக்கு வைக்கோலும் அட்டையும் வைத்துக் கட்டுவதே பெரிய வேலை.

பூமாலைக்கு நாள் கெடு கிடையாது, மணிக் கெடுதான். ஊருக்குள் ஆள் வைத்துக் கொடுக்கலாமே தவிர, கூரியரில் போட முடியாது.

பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருள். சாதாரணப் பார்சலில் வைத்து விமானத்தில் அனுப்ப அனுமதி இல்லை. ஆகவே, பூஜைச் சாமான் கட்டில் கற்பூரம் ஒரு சிறு டப்பா இருந்தாலும், கட்டு முழுவதும் தரை வழியாகத்தான் போக வேண்டும். அத்தரும் இந்த வகைதான். விளக்கு மட்டும் போயிருந்தால் இரண்டு நாள் முன்னதாகவே போயிருக்கலாம்.

எனவே சரக்கை வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் “தயாராகும் நாள்” என்று தனியாக ஓர் எண் வைக்க வேண்டும். அதோடு “வழிப் பயண நாள்” சேர வேண்டும். கடைக்கான கம்ப்யூட்டர் ஏற்பாடுகள் பலவற்றில் இதற்கு வசதி உண்டு. இல்லையென்றால் ஒவ்வொரு சரக்கின் படத்துக்குக் கீழேயும் ஒரு வரி எழுதி வைத்தாலே போதும்.

வெள்ளிக்கிழமை ஆர்டர்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூரியர் ஆள் பகல் 3 மணிக்கு வந்து போகிறார். ஞாயிறு விடுமுறை. முறுக்கு தயாராக 2 நாள். மதுரைக்கு வழிப் பயணம் 4 முதல் 6 வேலை நாள் என்று வைத்துக் கொள்வோம்.

வெள்ளி மாலை 5 மணிக்கு ஆர்டர் வருகிறது. அன்றைய நாள் கணக்கில் சேராது. சனி ஒன்று, திங்கள் இரண்டு. திங்கள் பகல் பார்சல் புறப்படுகிறது. செவ்வாயிலிருந்து எண்ணினால் நான்காம் நாள் வெள்ளி. ஆறாம் நாள் அடுத்த திங்கள். ஆக, “வெள்ளி முதல் திங்கள் வரை” என்பதே நியாயமான கெடு.

“5 நாள்” என்று போட்ட கடைக்காரர் புதன்கிழமையே தருவதாகச் சொன்னதாக ஆகிறது. புதனன்று முறுக்கு வழியில் லாரியில் இருக்கும்! ஆர்டர் போட்டவர் போன் மேல் போன் போடுவார்.

காபித்தூளும் ரவிக்கையும் ஒரே ஆர்டரில் வந்தால்? இரண்டையும் சேர்த்து அனுப்பினால் ரவிக்கையின் தேதிதான் காபித்தூளுக்கும். வறுத்து அரைத்த தூள் ஒரு வாரம் மூட்டைக்குள் கிடந்தால் மணம் என்ன ஆகும்? இரண்டு பார்சலாக அனுப்பினால் செலவு கூடும். எது வேண்டும் என்று பணம் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு நாள் கூட்டிச் சொல்வதும் நல்லது. கனமழை பெய்தால் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்குவதை நாம் பார்க்காததா? பண்டிகைச் சரக்குக்கு இன்னும் கவனம் தேவை. சரஸ்வதி பூஜை முடிந்து வந்து சேரும் கொலு பொம்மையை அடுத்த வருஷம் வரை பரணில்தான் வைக்க வேண்டும்.

“டப்பாவாலாக்கள் 1890-ம் ஆண்டிலிருந்து நேரம் தவறாமல் கொடுக்கிறார்களே?” என்று சிலர் கேட்கலாம். அவர்கள் சுமப்பது ஒரே வகைச் சரக்கு; தினமும் அதே வீடு, அதே ஆபீஸ். நூறு வகைச் சரக்கு விற்பவர் அவர்களோடு போட்டி போட முடியாது.

வாங்குபவருக்கு உள்ள உரிமை

ஊரில் இருக்கும் தாய் தந்தைக்கு இங்கிருந்து ஆர்டர் போட்டு அனுப்புபவர்கள் நம்மில் ஏராளம். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் அது. அவர்கள் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

மத்திய அரசு 2020-ம் ஆண்டு ஜூலையில் மின்வணிகத்துக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகளைக் கொண்டு வந்தது. பல வியாபாரிகள் சேர்ந்து விற்கும் ஆன்லைன் தளங்களில், சொன்ன கெடு தாண்டி வந்த சரக்கைத் திருப்பி எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ வியாபாரி மறுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. வெள்ளம் போன்ற, மனித சக்திக்கு மீறிய காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இதற்கு ஆதாரம் வேண்டும். ஆர்டர் போட்ட அன்று திரையில் தெரியும் தேதியைச் செல்போனிலேயே படம் பிடித்து வைத்துக் கொள்ளுங்கள். கடைக்காரர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். தமிழிலும் பேசலாம்.