‘நான்’ என்னும் கதையும் ஆயரின் பார்வையும்

மனிதன் தன்னை நடுவில் வைத்துப் புனைந்த ஒரு கதைக்குள் பொருத்தியே அனைத்தையும் காண்கிறான். ஒருவர் ஆலயத்திற்கு வராதிருப்பின், அவருக்கு நம்மீது வெறுப்பு என்கிறோம். ஒருவர் நம் அருளுரையைப் பாராட்டுவாராயின், அவர் ஆவிக்குரியவர் என்கிறோம். இவ்விரு வேளைகளிலும் நாம் கண்டது நம்மையே. திருப்பணியாளருக்கு இது சிறு குறையன்று; ஆடுகளை அறியாத மேய்ப்பன் அவற்றை மேய்ப்பது எங்ஙனம்?

எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்து 399இல் மறைந்த துறவி எவாகிரியஸ், உள்ளத்தை அலைக்கழிக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார். அவற்றுள் ஒன்று வீண்புகழ்ச்சி. தான் நோயாளரைக் குணமாக்குவதாகவும், மக்கள் தன் வாசலில் திரள்வதாகவும், மறுக்கும் தன்னை வலிந்து இழுத்துச் சென்று குருவாக்குவதாகவும் துறவி கற்பனை செய்கிறான் என அவர் விவரிக்கிறார். உலகைத் துறந்தவனையும் இக்கதை விட்டபாடில்லை. ஆகவே, எண்ணம் எப்போது எழுகிறது, எதனைத் தொடர்ந்து வருகிறது என்று உற்று நோக்குமாறு அவர் கற்பித்தார். கதையைக் கதையென அறிதலே முதற்படி.

மார்ட்டின் லூத்தர் 1515-16இல் விற்றன்பர்க்கில் ரோமர் நிருபத்தை விளக்குகையில், பாவத்தைத் தன்மீதே வளைந்துபோன நிலையாகக் கண்டார். அந்நிலையில் மனிதன் கடவுளின் கொடைகளையும், கடவுளையுமேகூடத் தன் நலத்திற்கெனத் தேடுகிறான். நம் மண்ணின் சைவ சித்தாந்திகளும் ஆணவத்தை, ஆன்மாவின் அறிவை மறைக்கும் மலம் என்றனர். இரண்டும் ஒரே கோட்பாடு அல்ல. ஆயினும் ‘நான்’ என்பது பார்வையைக் கெடுக்கிறது என்பதை இரண்டும் உணர்த்துகின்றன.

லூக்கா 7ஆம் அதிகாரத்தில் பரிசேயனாகிய சீமோன், தன் பந்தியில் அழுது நின்ற பெண்ணைப் பார்த்தான். ஆனால் அவளைக் காணவில்லை. அவள் பாவி, தான் நேர்மையாளன், விருந்தினர் தீர்க்கதரிசியோ அல்லரோ என்னும் தன் கணக்கிற்குள் அவளை அடைத்துவிட்டான். இயேசுவோ அவள் பக்கமாகத் திரும்பி, அவளைக் காண்கிறானா என்று அவனிடமே வினவினார். பின்பு அவளுடைய கண்ணீர், கூந்தல், முத்தம், தைலம் என அவள் செய்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். அவளை நோக்கிய மன்னிப்பின் சொல் அதன் பின்னரே வருகிறது. உண்மையாகக் காண்பது அன்பின் முதற்செயல் என இதனால் அறிகிறோம்.

இதைப் பயில இயலுமா? பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல், பள்ளிக் கல்வியைப்பற்றி 1942இல் எழுதிய கட்டுரையில், கவனம் என்பது மனத்தை வெறுமையாக்கி, உள்ளதை ஏற்கக் காத்திருத்தல் என்றார். விடை காணாத வடிவியல் கணக்கில் செலுத்திய கவனமும் பின்னர் செபத்திற்கும், துன்புறுவோரை நோக்குதற்கும் உதவும் என்பது அவர் கருத்து.

இதனால் நம் ஆளுமை அழிந்துபோவதில்லை. கிறிஸ்துவோடு சிலுவையில் அறையப்பட்டதாகக் கூறும் பவுல், பவுலாகவே தொடர்ந்து வாழ்ந்தார். அவர் வாழ்வின் நடுவிடமோ கிறிஸ்துவுக்கு உரியதாயிற்று. தன்னை நியாயப்படுத்தும் பாரம் நீங்கியவனே பிறரை அச்சமின்றி நோக்க இயலும்.

ஆகவே, இல்லச் சந்திப்பு முடிந்து திரும்புகையில் நம்மை நாமே வினவுவோமாக: அவர் கூறியதை அவர் சொற்களிலேயே நம்மால் சொல்ல முடிகிறதா? நாம் கூறிய அறிவுரை மட்டுமே நினைவில் நிற்குமாயின், அவரை நாம் இன்னும் சந்திக்கவில்லை. மீண்டும் ஒருமுறை அவ்வில்லம் செல்வது நம் கடமையாம்.