சந்தேகம் நல்லது, கேள்வியோடு வந்தால்!

"இதெல்லாம் நடக்கிற கதையா?"

"இன்னும் பத்து வருஷத்துல வரும்னு இருபது வருஷமா சொல்றாங்க!"

ஐந்து நிமிடத்தில் சார்ஜ் ஆகும் பேட்டரி, புற்றுநோய்க்குப் புது மருந்து என்று புலனக் குழுவில் ஒரு செய்தி வந்தால் போதும், இப்படித்தான் பதில்கள் வரிசை கட்டும். இந்தச் சந்தேகம் சரியா, தவறா? இரண்டு கதைகளைப் பார்ப்போம்.

2023 ஜூலை. எல்கே-99 என்ற பொருள், சாதாரண வெப்பநிலையிலேயே மின்சாரத்தைத் துளியும் இழக்காமல் கடத்துகிறது எனத் தென்கொரிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். உண்மையானால் மின்கம்பிகளில் வீணாகும் மின்சாரம் மிச்சம். காந்தத்தின் மேல் ஒரு சில்லு பாதி மிதக்கும் காணொளி உலகைச் சுற்றி வந்தது.

ஆனால் அந்தக் கட்டுரையை மற்ற நிபுணர்கள் அப்போது பரிசீலித்திருக்கவில்லை. பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் அதே பொருளைச் செய்து பார்த்தன. சில வாரங்களில் விடை கிடைத்தது. மின்தடை திடீரெனக் குறைந்ததற்குக் காரணம், அதில் கலந்திருந்த செம்பு சல்பைடு. ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் கலப்பில்லாத படிகத்தை உருவாக்கினார்கள். அது மின்சாரத்தைக் கடத்தாத பொருளாகவே இருந்தது!

அடுத்த கதை, 1920 ஜனவரி. ராக்கெட்டால் நிலவை எட்ட முடியும் என்றார் அமெரிக்காவின் ராபர்ட் கோடார்ட். காற்றே இல்லாத இடத்தில் ராக்கெட் எதை உந்திப் போகும், பள்ளிக்கூடப் பாடம்கூடத் தெரியாதவரா இவர் என்று நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் கேலி செய்தது. ராக்கெட் காற்றை உந்துவதில்லை. வாயுவைப் பின்னே தள்ளி, அதன் எதிர்விசையில் முன்னே பாய்கிறது. 1969 ஜூலை 17, அப்போலோ 11 புறப்பட்ட மறுநாள், அந்த நாளேடு தன் தவற்றுக்கு வருத்தம் தெரிவித்தது. அதைப் படிக்கக் கோடார்ட் உயிரோடு இல்லை.

இரண்டுமே சந்தேகம்தான். ஆய்வுக்கூடங்கள் செய்து பார்த்துவிட்டு மறுத்தன. தலையங்கம் சிரித்ததோடு நின்றுவிட்டது.

நம் வீட்டில் ஆய்வுக்கூடம் இல்லை. ஆனால் கேள்வி கேட்கலாமே! சொன்னவர் யார்? வேறு யாராவது அதைச் சோதித்தார்களா? சோதனை எலியிலா, மனிதரிலா?

"இந்தக் கஷாயம் குடித்தால் சர்க்கரை மாத்திரையே வேண்டாம்" என்று வரும் தகவலிடமும் இதையே கேளுங்கள். விஞ்ஞானியை நம்பாத விரல், இதை மட்டும் சட்டென்று பகிர்ந்துவிடுகிறது. அதைப் படித்து மாத்திரையை நிறுத்துபவர் நம் தாத்தாவாகவும் இருக்கலாம்.