சவுக்காரமும் கொழுப்புறையும்

வில்லியனூர், பாகூர் முதலிய நம் புதுவைச் சிற்றூர்களில் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைத்து அழுக்ககற்றுதலை யாவரும் அறிவர். 2020ஆம் ஆண்டிற் கொரோனா நோய் பரவியபொழுது, சவுக்காரமிட்டு 20 நொடியேனும் கைகழுவுக என்றனர் மருத்துவர். அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

கொரோனா நச்சுயிரியைச் சூழ்ந்திருப்பது ஈரடுக்குக் கொழுப்புறை. அதன் தடிப்பு ஏறக்குறைய 5 நானோமீட்டரே. இத்தகைய கொழுப்பு, நீரில் தானே நுண்பைகளாக அமையும் என்பதை 1960களில் இங்கிலாந்தின் பாங்காம் என்னும் அறிஞர் காட்டினார். சவுக்கார மூலக்கூற்றின் தலை நீரை விழையும். வாலோ நீரை வெறுத்துக் கொழுப்பை நாடும். ஆதலின் அது முதற்கண் உறையினுட் புகுந்து இடம்பெறும். புகுந்தது மிகமிக, உறை தளர்ந்து கிழியும். ஈற்றிற் கொழுப்பும் சவுக்காரமும் கலந்து சிறுதிரள்களாகி நீரோடு செல்லும். உறையிழந்த நச்சுயிரி நம் உயிரணுவினுட் புகமாட்டாது. போதிய சவுக்காரமும் போதிய காலமும் இன்றேல் இவ்வினை முற்றுப்பெறாது. பூந்திக்கொட்டையின் நுரைக்கு ஏதுவாகிய சப்போனினும் கொழுப்புப் படலங்களைத் துளைக்க வல்லது.

எனினும், எல்லா நச்சுயிரிக்கும் இவ்வுறை உண்டென்று எண்ணற்க. குழந்தைகட்குக் கழிச்சல் விளைக்கும் ரோட்டா நச்சுயிரியை மூடியிருப்பது புரதக்கூடு. சவுக்காரம் அதனை எளிதிற் சிதைக்காது. கையினின்று பெயர்த்து நீரால் அகற்றுதலே வழி. ஆகலின், நுரைபடத் தேய்த்தலோடு அமையாது, ஓடும் நீரில் நன்கு அலம்புதலும் வேண்டும். நுரை உறையுள்ள பகையை உடைக்கும். நீர் உறையில்லாப் பகையையும் அடித்துச் செல்லும். இவ்விரண்டும் கூடியதே கைகழுவல் என்று சிற்றூர்ச் சிறார்க்குக் கற்பிப்பது கற்ற நம் கடனாகும்.